மண்ணின் கணக்கு – 9: வடமராட்சியிலிருந்து கேம் நதிக்கரைக்கு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அட்டுவம்பட்டியில் பேச்செல்லாம் சாலையைப் பற்றித்தான். வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்துவிட்டதா, பழனி ரோடு திறந்திருக்கிறதா, ஜேசிபி வந்ததா, கேரட் ஏற்றிய லாரி இன்றைக்குக் கீழே இறங்குமா, மகளிர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஏறிய பஸ் ஊர் போய்ச் சேர்ந்ததா. சாலைக்காக வெட்டிய செம்மண் சுவர் சித்திரை வெயிலில் நெட்டுக்குத்தாக நின்றிருக்கும். கோடை மழை ஒன்றிரண்டு வந்தபோதும் அசைந்திருக்காது. அதே சுவர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்யும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாலையில் வந்து உட்கார்ந்துவிடும். முதல் நாளே ஏன் விழவில்லை? பத்தடி தள்ளி, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சுவர் ஏன் விழவில்லை?

இந்தக் கேள்வியின் ஒரு பாதிக்குச் சென்ற பகுதிகளில் விடை பார்த்தோம். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம், மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டித் திரும்பிய கையோடு, 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மண்ணின் வலு ஒட்டுதல், உராய்வு என்ற இரண்டின் கூட்டு என்றார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1925இல், தெர்சாகி அதில் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தார். மேலிருந்து அழுத்தும் பாரத்தில் ஒரு பங்கை மண்ணின் துளைகளில் நிற்கும் நீர் தாங்கிக்கொள்கிறது. மீதிப் பங்குதான் மண்ணின் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு அழுத்துகிறது, அந்த மீதிக்கு மட்டுமே உராய்வு உண்டு. மழை நாலு நாள் பெய்தால் சரிவுக்குள் நீர்மட்டம் ஏறுகிறது, நீரின் பங்கு கூடுகிறது, மணிகளின் பிடி தளர்கிறது. முதல் நாள் விழாததற்குக் காரணம் அதுதான்.

மற்றப் பாதி அப்படியே நின்றது. விழுவதற்கு முன் மண் எவ்வளவு நெளியும்? நெளியும்போது சுருங்குமா, விரியுமா? 1950களில் ஒரு பொறியாளரின் மேசையில் இதற்கு இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருந்தன. கட்டடம் எவ்வளவு அமிழும் என்பதற்கு ஒரு கணக்கு. மண் எப்போது உடையும் என்பதற்கு இன்னொன்று. முதல் கணக்கில் மண் உடையவே உடையாது. இரண்டாவதில் உடைகிற நொடி வரை கல்லைப் போல அசையாமல் நிற்கும். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உலகம் அணை கட்டியது, துறைமுகம் கட்டியது. கையால் கணக்குப் போடுகிறவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அனுபவம் உள்ள பொறியாளர் இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார். கணினிக்கு ஊகம் கிடையாது.

கணினியை வைத்துக் கட்டுமானக் கணக்குப் போட்ட முன்னோடிகள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைச் சொல்வார்கள். போயிங் விமானத் தொழிற்சாலையில் தொடங்கிய முறைக்கு 1960இல் பெயர் வைத்த பெர்க்லியின் ரே கிளஃப். அதை 1967இல் பாடநூலாக்கிய ஸ்வான்சீயின் சியென்கிவிச். இருவரும் பெரியவர்கள், மறுப்பில்லை. ஆனால் என் பட்டியலில், நிரல் எழுதினார் என்று யாரும் சொல்லாத ஒருவர் இவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். பெயர் அழகையா துரைராஜா.

1934 நவம்பர் 10ஆம் தேதி பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தார். வடமராட்சியில் ஹாட்லி என்றால் கணிதம். இலங்கையின் பொறியியல் பீடத்துக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பள்ளி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அப்போது கொழும்பில் இருந்தது, 1950இல்தான் தொடங்கியிருந்தது. அங்கே 1957இல் முதல் வகுப்பில் தேறி, கலாநிதிப் பட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜ் போனார்.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜின் மண் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் கென்னத் ராஸ்கோ. இரண்டாம் உலகப் போரில் 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதியாக இருந்தவர். திரும்பி வந்து மண்ணைக் கையில் எடுத்தார். அவருடைய மாணவர்கள் ஆண்ட்ரூ ஸ்கோஃபீல்டும் பீட்டர் ராத்தும். மூவரும் சேர்ந்து 1958இல் ‘ஜியோடெக்னீக்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அழுத்தம், வெட்டு விசை, மண்ணுக்குள் இருக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் வைத்தால், எந்த மண்ணும் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கோட்டில் போய்ச் சேர்கிறது என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் கோடு என்ன என்று புரிந்துகொள்ள அரிசி அளக்கும் படி போதும். கொட்டி அளந்த படியில் இடைவெளி அதிகம். குலுக்கி அளந்த படியில் குறைவு. கொட்டிய அரிசியைக் கையால் அளைந்தால் அது தணியும். குலுக்கி இறுக்கியதை அளைந்தால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அரிசி பொங்கும். இரண்டுக்கும் நடுவில் தணியவும் செய்யாத, பொங்கவும் செய்யாத ஒரு நிலை உண்டு. அந்த நிலையை அடைந்த மண், அழுத்தமும் கனஅளவும் மாறாமல், உராய்ந்துகொண்டே வழிந்து ஓடும். மாறுநிலை என்று இதைச் சொல்லலாம். ஈரக் கடல் மணலில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்ந்துபோகிறதே, அதுவும் இந்தக் கதைதான். இறுகிய மணல் மிதிபட்டு விரிகிறது. விரிந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்கிவிடுகிறது. பருத்தித்துறையில் பார்க்கலாம், ராமேஸ்வரத்திலும் பார்க்கலாம்.

மணலுக்கு இது சரி. களிமண்ணுக்கும் சரியா? அதை மண்ணிடமே கேட்க வேண்டிய வேலை துரைராஜாவின் கைக்கு வந்தது.

கேட்கிற முறை பொறுமையைச் சோதிப்பது. பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண்ணை, கேயோலின் என்பார்கள், தூளாக எடுத்துத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, காற்றை நீக்கி, மெல்ல மெல்ல அமுக்கி இறுக வைக்க வேண்டும். இறுகியதிலிருந்து கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் உருளையை எடுப்பார்கள். வழக்கமான அளவு 38 மில்லிமீட்டர் குறுக்கு, 76 மில்லிமீட்டர் உயரம். அதற்கு ஒரு ரப்பர் உறை போட்டு, மேலும் கீழும் நீர் கசியும் கல்வட்டு வைத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற கூண்டுக்குள் நிறுத்துவார்கள். சுற்றிலும் இருக்கும் தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்தும். மேலிருந்து ஒரு தண்டு மெல்ல இறங்கும். மாதிரி எவ்வளவு குறுகியது, எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது, தண்டில் எவ்வளவு விசை என்று முள் காட்டுவதைக் கண்ணால் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். களிமண் தண்ணீரை விடும் வேகம் தெரியுமே. ஒரு சோதனை முடிய நாள்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் தண்டை இறக்கினால் உள்ளே நீரழுத்தம் ஏறி எண்கள் எல்லாம் பாழ்.

இப்படி எடுத்த எண்களை வைத்து அவர் போட்டது ஆற்றலின் வரவுசெலவு. உருளையை அழுத்தும்போது நாம் இரண்டு வழிகளில் வேலை செய்கிறோம். கனஅளவைக் குறைக்கிறோம், அது ஒன்று. உருவத்தை நெளிக்கிறோம், அது இரண்டு. செய்த வேலையில் ஒரு பகுதி சுருள்கம்பியில்போல மண்ணுக்குள் சேமிப்பாக நிற்கும். கையை எடுத்தால் திரும்பக் கிடைக்கும். அதைக் கழித்துவிட்டால் மீதி தொலைந்துபோன ஆற்றல், அதாவது உராய்வில் சூடாகிக் கரைந்தது. அந்த மீதி எதைப் பொறுத்தது? மண் சுருங்கும்போது ஒரு மாதிரியும் விரியும்போது வேறு மாதிரியும் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். துரைராஜாவின் கணக்கில் அப்படி வரவில்லை. தொலைந்த ஆற்றல் மணிகளுக்கிடையே உள்ள சராசரி அழுத்தம், நெளிவின் அளவு, ஒரு மாறா எண் ஆகிய மூன்றின் பெருக்கல், அவ்வளவுதான். மண் சுருங்கியதா விரிந்ததா என்பது அந்தச் செலவில் வரவே இல்லை. இழப்பு முழுவதும் உராய்வின் கணக்கில் போய் விழுந்தது.

மணலில் இதற்கு இணையான ஒன்றை அமெரிக்காவின் எம்ஐடியில் டொனால்ட் டெய்லர் 1948இலேயே காட்டியிருந்தார். களிமண்ணும் அதே கணக்கில்தான் நடக்கிறது என்பது புதிது. ஆற்றங்கரை மணலும் பாத்திரக் கடைப் பீங்கானாகும் களிமண்ணும் உள்ளுக்குள் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஸ்கோஃபீல்ட் தன் முதுமைவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2005இல் வந்த அவருடைய நூலிலும் துரைராஜாவின் இந்தச் சமன்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. ஒருபடி மேலே போய், கூலோம் சொன்ன ‘ஒட்டுதல்’ என்பதே பிசைந்து மறுபடி இறுக்கிய களிமண்ணில் கிடையாது என்று வாதிட்டார். பிசுபிசுப்பு என்று நாம் நினைப்பது உராய்வும், மணிகளின் பின்னலும், நுண்துளை நீரின் உறிஞ்சலும் சேர்ந்து காட்டும் வேடம் என்பது அவர் கட்சி. இந்தத் தொடரின் தொடக்கத்தில் நாம் மரியாதையோடு உட்கார வைத்த கூலோமின் நாற்காலியில் ஒரு கால் இங்கே ஆடுகிறது.

கோடையில் நம் செம்மண் சுவர் நெட்டுக்குத்தாக நிற்பதற்கு அந்த உறிஞ்சல் ஒரு பெரிய காரணம். பாதி காய்ந்த மண்ணில் மணிகளுக்கிடையே இருக்கும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மழை நீர் நிறைந்தவுடன் இழுப்பு போய்விடும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சார்னோக்கைட் பாறை நின்ற இடத்திலேயே உளுத்து மண்ணான பழனி மலைச் செம்மண்ணில், இரும்புத் துரு மணிகளைக் கொஞ்சம் பசைபோட்டும் வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கூழாக்கி இறுக்கிய கேயோலினுக்கு எழுதிய சமன்பாடு இந்தச் சரிவுக்கு அப்படியே பொருந்தாது. பொருந்தாது என்பதை அளந்து சொல்லவும் அந்தச் சமன்பாடுதான் அளவுகோலாக இருக்கிறது.

ஆற்றல் கணக்கு கிடைத்ததும் மற்றது கணிதத்தின் வேலை. உலோகங்கள் வளைவது பற்றி அமெரிக்காவில் டேனியல் டிரக்கர் வகுத்திருந்த ஒரு நிபந்தனையையும் இதோடு சேர்த்துத் தொகைகண்டால், மண் எந்த அழுத்தத்தில், எந்த வெட்டு விசையில் மீளமுடியாமல் நெளியத் தொடங்கும் என்று சொல்லும் ஒரு வளைகோடு முழுதாக விழுகிறது. ராஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவர் பெயரிலும் 1963இல் ஜியோடெக்னீக்கில் அது வெளிவந்தது. மாறுநிலையைவிட ஈரம் கூடிய நிலைகளில் களிமண் நெளிவதைப் பற்றியது அந்தக் கட்டுரை. அதாவது கொட்டி அளந்த படியின் நிலை: அழுத்தினால் தணியும், நீரழுத்தம் ஏறும், இளகும். அமிழ்வுக் கணக்கும் உடைவுக் கணக்கும் முதல்முறையாக ஒரே தாளில் வந்தன. ஐந்தே எண்கள். அந்த ஐந்தையும் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். அந்த மண்ணை அழுத்தினால், நெளித்தால், நனைத்தால், உலர்த்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

இந்தக் கற்பனை மண்ணுக்குக் கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் நதியின் பெயரை வைத்தார்கள்: கேம் கிளே. நதியைத் தோண்டினால் கிடைக்காது. இது தாளில் மட்டும் இருக்கும் மண்.

கணினியில் இதற்கு என்ன வேலை? ஓர் அணையின் அடியிலுள்ள நிலத்தை ஆயிரம் துண்டுகளாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிளஃப் பெயர் வைத்த முறை அதுதான்; நம் கல்லூரிப் பிள்ளைகள் ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்பார்கள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்போது ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் நெளிகிறது. ஒவ்வொரு துண்டிடமும், ஒவ்வொரு அடியிலும், நிரல் ஒரே கேள்வியைக் கேட்கிறது: இவ்வளவு நெளிந்துவிட்டாயே, இப்போது உன் விசை எவ்வளவு? எஃகானால் விடை சுலபம். நெளிவை ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். மண்ணானால் அது முன்பு என்னென்ன பட்டது, எவ்வளவு இறுகியிருக்கிறது, இப்போது ஈரப்பக்கமா உலர்ந்த பக்கமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த விடையைச் சொல்ல ஒரு விதி இல்லாவிட்டால் எத்தனை பெரிய கணினியும் தவறான எண்ணை வேகமாகத் தரும். பொறியியல் கணினிமயமான கதையைச் சொல்கிறவர்கள் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கணினிக்குள் போய் உட்கார்ந்த மண்ணைச் செய்தவரை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். துரைராஜாவை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

முதல் வடிவில் ஒரு கோளாறும் இருந்தது. வளைகோட்டின் ஒரு முனை கூர்மையாக இருந்தது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினாலே மண் ஒரு பக்கமாக நெளியும் என்று அந்த முனை சொன்னது, அது நடப்பதில்லை. நிரல் எழுதுகிறவருக்கும் கூர்முனை தலைவலி. எந்தத் திசையில் நெளிவு என்று தெரியாமல் கணக்கு அங்கே தடுமாறும். ராஸ்கோவின் மற்றொரு மாணவர் ஜான் பர்லண்ட் ஆற்றல் கணக்கை மாற்றி எழுதினார், வளைகோடு நீள்வட்டமாகியது. 1968இல் ராஸ்கோவும் பர்லண்டும் அதை வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் மென்பொருள்களில் ஓடுவது பெரும்பாலும் இந்தத் திருத்திய வடிவம். அதே 1968இல் ஸ்கோஃபீல்டும் ராத்தும் எழுதிய நூல் வந்தது. இரண்டே ஆண்டில், 1970இல், ராஸ்கோ ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.

கேம்பிரிட்ஜில் 1970களின் நடுவில் தொடங்கிய ஒரு நிரல், பல கைகள் மாறி, ‘கிரிஸ்ப்’ என்ற பெயரில் நிலைத்தது. மாறுநிலை விதிகளை வைத்து மண்ணைக் கணக்கிடவே எழுதியது. அதை வளர்த்தவர்களில் இருவர் அருள் பிரிட்டோவும் மைக்கேல் கன்னும். 1987இல் அவர்கள் எழுதிய நூல் வழியாக அந்த நிரலின் உள்வேலை முழுதும் வெளியே வந்தது. பல நாட்டு மாணவர்கள் அதைப் படித்துத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது மண் வேலைக்கான எந்த மென்பொருளைத் திறந்தாலும் மண்ணின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் கேம் கிளேயோ அதன் பிள்ளை பேரனோ ஒன்று இருக்கும். சதுப்பில் சாலைக்கு மேடு போடுகிறவர், களிமண்ணில் சுரங்கம் தோண்டுகிறவர் என்று நாளும் அதைச் சொடுக்குகிறவர்கள் ஏராளம்.

பெரிய மேடையில் இந்தக் குடும்பத்துச் சமன்பாடு ஏறியது இத்தாலியில். பீசா கோபுரம் விழுந்துவிடுமோ என்று 1990இல் மூடினார்கள். காப்பாற்ற அமைத்த குழுவில் அதே ஜான் பர்லண்ட் இருந்தார். கோபுரத்தின் அடிக் களிமண்ணை மாறுநிலை விதிகளின்படி லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிரலில் ஏற்றி, கோபுரம் கட்டிய நூற்றாண்டுகளையே ஒவ்வொரு அடுக்காகக் கணினியில் நடத்திப் பார்த்தார்கள். சாய்வின் வரலாறு கணக்கில் ஒத்து வந்தது. 1993இல் சாயாத பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பிறகு 1999இலிருந்து அதே பக்கத்து அடிமண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். எங்கே உருவினால் கோபுரம் நிமிரும், எந்த எல்லையைத் தாண்டினால் இன்னும் சாயும் என்பதைக் கணினி முன்பே சொல்லியிருந்தது. அரைப் பாகை நிமிர்ந்தது; 2001 டிசம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள்.

துரைராஜா 1961இல் ஆய்வேட்டை முடித்து, கேம்பிரிட்ஜில் தங்காமல் இலங்கை திரும்பினார். பொறியியல் பீடம் 1960களின் நடுவில் பேராதனைக்கு மாறியது. அவரும் அங்கேயே பேராசிரியர் ஆனார், பீடாதிபதியும் ஆனார். கண்டிக்குப் பக்கத்து மலைநாடு அது. மழைக்கு மண் சரிவது அங்கேயும் ஆண்டுதோறும் உண்டு. இலங்கையின் பல தலைமுறைப் பொறியாளர்கள், சிங்களவர் தமிழர் இருவருமே, மண் இயக்கவியலை அவரிடம் பாடமாகக் கேட்டவர்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழ்க் கல்வியாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனார்கள். கேம்பிரிட்ஜ் கட்டுரை ஒன்றே போதும், எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் அவருக்கு நாற்காலி போட்டிருக்கும். அவர் போகவில்லை.

திறந்த பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் அந்த வளாகத்தின் மைதானத்திலேயே இந்தியப் படையினர் ஹெலிகாப்டரில் வந்திறங்கிச் சண்டை நடந்திருந்தது. போரினால் 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெட்ரோல், டீசல் தடை. ஆனையிறவுப் பாதை மூடியதால் வெளியே போக வேண்டியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் வள்ளம் ஏறினார்கள். அதிலும் சூடு விழுந்தது, ஆட்கள் செத்தார்கள். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், கொஞ்சம் மண்ணெண்ணெயில் நெடுநேரம் எரிவது. துணைவேந்தர் சைக்கிளில் வந்துபோனார் என்று அந்தக் காலத்து மாணவர்கள் எல்லாருமே சொல்வார்கள். அங்கே அப்போது அது எளிமையின் அடையாளம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் சைக்கிள்தான் இருந்தது. எல்லாரையும்போல அவரும் மிதித்தார் என்பதைத்தான் அவர்கள் சொல்ல வருகிறார்கள்.

அந்த ஆண்டுகளிலும் வகுப்பு நடந்தது, பரீட்சை நடந்தது. கிளிநொச்சியில் விவசாய பீடம் 1990இல் தொடங்கியது. பொறியியல் பீடமும் அங்கே வர வேண்டும் என்று அவர் பாடுபட்டார். அவர் காலத்தில் நடக்கவில்லை. போர் முடிந்தபின், 2010களில்தான், கிளிநொச்சி அறிவியல் நகரில் அது வந்தது. 1994 ஜூன் 11ஆம் தேதி துரைராஜா இறந்தார். வயது 59. பீசாவில் ஈயக் கட்டிகளை அடுக்கி முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஈழத்தில் அவரைத் துணைவேந்தராக நினைவு வைத்திருக்கிறார்கள். நூல்களில் அவர் ஒரு கட்டுரையின் மூன்றாவது பெயர். இரண்டையும் ஒரே ஆள் என்று சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு, தமிழ்நாட்டில் மிகவும் குறைவு. பொறியியல் கல்லூரிகள் இவ்வளவு நிறைந்த மாநிலத்தில், மண் இயக்கவியல் பாடத்தில் கேம் கிளே வரும்போது இந்தப் பெயரையும் ஒரு வாய் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இதுவரை பார்த்தது மண். பழனி மலையில் மண்ணுக்கு அடியில் இருப்பது பாறை, அதன் தொல்லை வேறு வகை. அட்டுவம்பட்டிக்கு வரும் சாலையில் வெட்டிய பாறை முகங்களைப் பார்த்தால் தெரியும்: மேலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாக விரிசல். அழுத்தினால் மலையையே தாங்கும். இழுத்தால் விரிசல் வாய் பிளந்துவிடும், அங்கே தாங்கும் சக்தி சுழி. இழுவிசையே தாங்காத ஒன்றைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில் சியென்கிவிச்சிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த எஸ். வள்ளியப்பன் அதற்கு வழி கண்டார். சியென்கிவிச், வள்ளியப்பன், கிங் மூவர் பெயரில் 1968இல் வந்தது அந்தக் கட்டுரை. முதலில் பாறையை முழுசாகப் பாவித்துக் கணக்கிடு, எங்கே இழுவிசை வருகிறதோ அதைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டுகளின் தலையில் போடு, மறுபடி கணக்கிடு, இழுவிசை எங்கும் மிஞ்சாதவரை இதையே திரும்பத் திரும்பச் செய். அடுத்த ஆண்டே இதே உத்தியை, மீளாமல் நெளியும் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக்கினார்கள். பின்னாளில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான வள்ளியப்பனின் பாறைகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)